146 உயிருக்குப் பிறகு வந்த தொழிற்சாலைச் சட்டங்கள்: பெருமை யாருக்கு?

நூலகப்பூனை எழுதியது:

அமெரிக்காவின் முற்போக்குக் காலத்தைப் பற்றி (ஏறக்குறைய 1890கள் முதல் 1920 வரை) தமிழில் யார் எழுதினாலும் டிரையாங்கிள் ஆலைத் தீயில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். 1911 மார்ச் 25, சனிக்கிழமை, நியூயார்க். பெண்களுக்கான மேல்சட்டை தைக்கும் ஆலை எரிந்தது. 146 பேர் செத்தார்கள், 123 பேர் பெண்கள். நாடே கொதித்தது, சட்டங்கள் வந்தன, சுபம்.

கொதித்தால் சட்டம் வந்துவிடுமா? நான்கு மாதம் முன்னால்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூவர்க்கில் ஓர் ஆலை எரிந்து இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் செத்திருந்தார்கள். எந்தச் சட்டசபையும் அசையவில்லை.

என் வாதம் இதுதான்: நியூயார்க்கில் சட்டம் வந்ததற்கு, அந்த நகரத்தின் ஜனநாயகக் கட்சியை ஆட்டிவைத்த டாமனி ஹால் காரணம். ஆமாம், அதே டாமனி. ஓட்டுக்கு வேலை, வேலைக்கு கமிஷன் என்று ஊரையே தின்ற கூட்டம். அதன் தலைவர் சார்லஸ் மர்ஃபிக்குக் கணக்கு தெரியும். யூதர்களும் இத்தாலியர்களும் பெருகிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் பேட்டையில் சோஷலிஸ்டுகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். விட்டால் ஓட்டு போய்விடும். அதனால் தன் கையில் இருந்த இரண்டு இளைஞர்களை, செனட்டர் ராபர்ட் வாக்னரையும் கீழவையின் ஆல் ஸ்மித்தையும், தொழிற்சாலை விசாரணை ஆணையத்தின் தலைமையில் உட்காரவிட்டார். முதல் ஆண்டிலேயே 1,836 தொழிற்கூடங்களைப் பார்த்து, 222 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள். தீயணைப்புப் பயிற்சி, தானாகத் தண்ணீர் பீய்ச்சும் குழாய், வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது என்பது, எல்லாம் அந்த வரிசையில் வந்தவை.

தீயைக் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். பக்கத்தில் தோழி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு ஓடிவந்து, பெண்கள் ஜன்னலிலிருந்து விழுவதைப் பார்த்தார். பிறகு ஆணையத்துக்காக வேலை செய்தபோது அரசியல்வாதிகளைச் சும்மா விடவில்லை. ஓர் ஆலையின் சுவரில் இருந்த சின்ன ஓட்டை வழியாக வாக்னரைத் தவழ்ந்து போகவைத்தார். வெளியே பனி உறைந்த செங்குத்தான இரும்பு ஏணி. தரைக்கு 12 அடி இருக்கும்போதே அது முடிந்துவிடும். அந்த ஓட்டைக்கு மேல் 'தீ விபத்து வெளியேறும் வழி' என்று பலகை வேறு.

எனக்குப் பிடித்த முற்போக்காளர் யார் என்று கேட்டால் அந்த ஓட்டையில் தவழ்ந்த டாமனி ஆளைத்தான் சொல்வேன். சண்டைக்கு வரலாம்.

மணல்மேடு எழுதியது:

வந்துவிட்டேன் பூனை தோழர்.

நீங்கள் படத்தை இடைவேளைக்குப் பிறகு பார்க்க ஆரம்பித்திருக்கிறீர்கள். 1909 நவம்பர் 22, நியூயார்க்கின் கூப்பர் யூனியன் மண்டபம், சட்டை தைக்கும் தொழிலாளர்கள் கூட்டம். மேடையில் தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் முதல் பெரிய பெரிய தலைகள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள், பொறுமையாக இருங்கள், யோசிப்போம் என்று. கூட்டத்திலிருந்து கிளாரா லெம்லிச் என்ற இளம்பெண் எழுந்து மேடைக்குப் போய், பேச்சு போதும், வேலைநிறுத்தம் என்று யூதத் தொழிலாளர்கள் பேசிய இத்திஷ் மொழியில் சொல்கிறாள். அதற்கு இரண்டு மாதம் முன்னால் முதலாளிகளின் கூலிப்படை அடித்து அவள் விலா எலும்புகள் உடைந்திருந்தன. அடுத்த சில நாளில் இருபதாயிரம் பேர் தெருவில். பெரும்பாலும் பெண்கள், பாதிப் பேருக்கு இருபது வயதுகூட இருக்காது.

அந்தக் குளிர்காலத்தில் 700 பேருக்கு மேல் கைதானார்கள். நீங்கள் கொண்டாடுகிற டாமனியின் போலீஸ்தான் அடித்தது. டாமனி தயவில் உட்கார்ந்திருந்த நீதிபதிகள்தான் அபராதம் போட்டார்கள். கடவுளுக்கும் இயற்கைக்கும் எதிராக வேலைநிறுத்தம் செய்கிறாய் என்று ஒரு நீதிபதி ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னது பதிவில் இருக்கிறது. பெரும் வங்கி முதலாளி ஜே. பி. மார்கனின் மகள் ஆன், ஆல்வா பெல்மான்ட் போன்ற பணக்காரப் பெண்கள் மறியல் வரிசையில் வந்து நின்ற பிறகுதான் போலீஸ் கை கொஞ்சம் அடங்கியது. ஏழைப் பெண்ணின் மண்டையை உடைக்கலாம், மார்கன் மகள் மண்டையை உடைக்க முடியாதே.

சிறு ஆலைகள் பல சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. சங்கத்தை ஏற்கவே மாட்டேன் என்று கடைசிவரை நின்ற பெரிய ஆலை எது தெரியுமா? டிரையாங்கிள்.

மர்ஃபி கணக்குப் போட்டார் என்கிறீர்கள். அந்தக் கணக்கில் எண்களை எழுதியது யார்?

பவர்டேபிள் எழுதியது:

ஏனுங்க, அரசியலை நீங்க பேசுங்க. நான் திருப்பூர்ல கம்பெனியில லைன் சூப்பர்வைசர். அந்த ஆலைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போறேன், ஏன்னா அதை யாரும் சரியா எழுதறதில்லை.

அவங்க தச்சது மெல்லிசு காட்டன். எட்டாவது மாடியில கட்டிங். நீளமான மேசை மேல துணியை லே போட்டு, ஒவ்வொரு லேயருக்கும் நடுவுல டிஷ்யூ பேப்பர் வச்சு, நூத்துக்கு மேல அடுக்கி ஒரே வெட்டா வெட்டுவாங்க. வெட்டின வேஸ்ட் எல்லாம் மேசைக்குக் கீழே இருந்த பெட்டியில விழும். அதை எடுக்க வர்ற ஆள் வருசத்துல சில தடவைதான் வருவான். கடைசியா ஜனவரியில எடுத்தது. மார்ச் கடைசியில தீ. ரெண்டு மாச பஞ்சும் பேப்பரும் அங்கேயே கிடந்திருக்கு. பக்கத்துலயே மெஷின் ஆயில். யாரோ போட்ட சிகரெட்டோ தீக்குச்சியோ ஒண்ணு போதும்.

ஒன்பதாவது மாடிதான் தையல். மெஷின் மேசைகளை ஜன்னல் பக்கச் சுவரோட ஒட்டிப் போட்டிருந்தாங்க, எந்திரிச்சா ஒரே பக்கமாத்தான் வெளிய வர முடியும். எட்டாவது மாடியில இருந்து பத்தாவது மாடி ஆபீசுக்கு போன்ல சொல்லிட்டாங்க, முதலாளிங்க மொட்டை மாடி வழியாத் தப்பிச்சாங்க. ஒன்பதுக்கு யாரும் சொல்லலை. செத்தவங்கள்ல பெரும்பகுதி அந்த மாடிதான்.

கதவு ஏன் பூட்டுனாங்கன்னு கேட்டா திருட்டு பயம்னு சொல்வாங்க. வேலை முடிஞ்சு ஒரே வழியா வரிசையா விட்டு, கைப்பையைத் திறந்து காட்டச் சொல்லி அனுப்பறது. இன்னொரு பக்கப் படிக்கட்டுக் கதவு பூட்டு. எங்க ஊர்லயும் கேட்டுல பேக் செக்கிங் உண்டு, அது எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியும். ஒரு துணி பிட்டுக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டாங்க. யார் யாரோட பேசறா, யார் எப்ப வெளிய போறாங்கறது தெரியணும். 1909ல ஸ்ட்ரைக் பார்த்த முதலாளிங்க வேற. இது என் அபிப்பிராயம், ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க.

எடிசன்வாசி எழுதியது:

அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது, தெரியுமா? அப்போது ஆஷ் கட்டடம், இப்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பிரவுன் கட்டடம். 'தீப்பிடிக்காத கட்டடம்' என்று விளம்பரம் செய்தார்கள். பொய்யில்லை, கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மாணவர்கள் மடிக்கணினியோடு ஏறி இறங்குகிறார்கள். 2023 அக்டோபரில்தான் இறந்தவர்கள் பெயர்களோடு முறையான நினைவுச்சின்னம் வைத்தார்கள், 112 வருடம் கழித்து. அதற்கு முன்பிருந்தே ஒவ்வொரு மார்ச் 25ஆம் தேதியும் தன்னார்வலர்கள் அந்தப் பெண்கள் குடியிருந்த வீட்டு வாசல்களில் பெயரையும் வயதையும் சாக்பீஸால் எழுதுவது வழக்கம்.

முதலாளிகளுக்கு என்ன தண்டனை? சட்டம் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சட்டப்புள்ளி எழுதியது:

ஒன்றுமில்லை என்பதுதான் பதில். மேக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவர் மீதும் கொலைக்கு அடுத்த படியான, மரணம் விளைவித்த குற்றத்துக்கு வழக்கு. கதவு பூட்டியிருந்தது என்பதை நிரூபித்தால் போதாது, அந்த நேரத்தில் அது பூட்டியிருந்தது இவர்களுக்குத் தெரியும் என்றும் நிரூபிக்க வேண்டும். முதலாளிகளின் வக்கீல் மேக்ஸ் ஸ்டூவர் உயிர் தப்பிய பெண் ஒருவரை ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். வார்த்தை மாறாமல் சொன்னாள். அதைவைத்தே மனப்பாடம் செய்து வந்தவள் என்று ஜூரியை நினைக்கவைத்தார். 1911 டிசம்பரில் இரண்டு மணி நேரத்துக்குள் விடுதலை. 1914இல் சிவில் வழக்கில் உயிருக்கு 75 டாலர் என்று சமரசம். காப்பீட்டுப் பணம் அதைவிடப் பல மடங்கு வந்தது. 1913இல் பிளாங்கின் இன்னோர் ஆலையில் மறுபடியும் கதவு பூட்டியிருந்ததைப் பிடித்தார்கள். அபராதம் 20 டாலர்.

என் ஆர்வம் வேறு இடத்தில். 1912இல் நியூயார்க் கொண்டுவந்த வாரத்துக்கு 54 மணி நேர வரம்பு பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மட்டும். ஆண்களுக்கு ஏன் இல்லை? அதற்கு 1905க்குப் போக வேண்டும். ரொட்டித் தொழிலாளர்களுக்கு நாளைக்கு 10, வாரத்துக்கு 60 மணி நேரம் என்று இதே நியூயார்க் போட்ட சட்டத்தை உச்ச நீதிமன்றம் லாக்னர் வழக்கில் அடித்தது. எவ்வளவு நேரம் வேலை செய்வது என்பது தொழிலாளியும் முதலாளியும் பேசிக்கொள்ளும் சுதந்திரமாம். 1908இல் ஆரிகான் மாநிலத்தில் சலவை ஆலைப் பெண்களுக்கும் பொருந்திய 10 மணி நேரச் சட்டம் அதே நீதிமன்றத்துக்கு வந்தபோது, பிற்பாடு அங்கேயே நீதிபதியான வழக்கறிஞர் லூயிஸ் பிராண்டைஸ் நூறு பக்கத்துக்கு மேல் மருத்துவ, சமூக ஆதாரங்களைக் கொட்டி வாதாடினார். சட்ட வாதம் இரண்டே பக்கம். ஜெயித்தது. ஆனால் நீதிமன்றம் ஒத்துக்கொண்ட காரணம் என்ன? பெண் பலவீனமானவள், நாளைக்குத் தாயாக வேண்டியவள்.

அதனால் முற்போக்காளர்கள் இருபது, இருபத்தைந்து வருடம் 'பெண் பலவீனமானவள்' என்ற கதவு வழியாகவே உள்ளே போக வேண்டியிருந்தது. விளைவு, 1923இல் பெண்ணுரிமைப் போராளி ஆலிஸ் பால் அரசியலமைப்பில் முழுச் சம உரிமைத் திருத்தம் கேட்டபோது எதிர்த்து நின்ற முதல் வரிசையில் ஃபிளாரன்ஸ் கெல்லி. வாழ்நாள் முழுக்கப் பெண் தொழிலாளர்களுக்காக அலைந்தவர். சம உரிமை வந்தால், போராடி வாங்கிய பாதுகாப்புச் சட்டமெல்லாம் போய்விடும் என்று பயந்தார். அந்தப் பயத்தை நான் முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன்.

மணல்மேடு எழுதியது:

அபராதம் 20 டாலர்! பூனை தோழர் எங்கே? உங்கள் டாமனி கொண்டுவந்த சட்டத்தின் பலம் 20 டாலர்.

நூலகப்பூனை எழுதியது:

இங்கேதான் இருக்கிறேன். நீங்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை தோழர். தெருவில் இறங்கியவர்கள் இல்லையென்றால் மர்ஃபி திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். என் கேள்வி அடுத்த கட்டத்தைப் பற்றியது. தெருவின் கோபம் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் ஓட்டாக மாறும் இடம் இருக்கிறதே, அங்கே யார் என்ன விலை கொடுத்தார்கள்?

சட்டப்புள்ளி சார் குறிப்பிட்ட அதே 54 மணி நேரச் சட்டம். 1912, கூட்டத்தொடரின் கடைசி நாள். டாமனி தலைமை ஒரு தந்திரம் செய்தது. காய்கனிகளை டப்பாவில் அடைக்கும் கேனரி ஆலைகளுக்கு விலக்கு கொடுத்து ஓர் அவையில், கொடுக்காமல் இன்னொன்றில். இரண்டும் பொருந்தாது, மசோதா செத்துவிடும், பழி யார் மீதும் வராது. தொழிலாளர் நலனுக்காக வாதாடிய நுகர்வோர் சங்கத்தின் சார்பில் அங்கே நின்ற பெர்கின்ஸுக்குக் கட்டளை தெளிவு: கேனரி விலக்கை ஒருபோதும் ஏற்கக் கூடாது. அவர் அந்த இடத்திலேயே முடிவெடுத்தார். விலக்கோடு இருக்கட்டும், நிறைவேற்றுங்கள் என்றார். ஆடிப்போய்விட்டார்கள், மறுப்பார் என்ற நம்பிக்கையில்தானே ஆட்டமே.

ஓட்டு கொஞ்சம் குறைந்தது. மர்ஃபியின் சொல்லை மீறிக் கைகொடுத்தவர் நியூயார்க் பவரி பேட்டையின் டாமனி செனட்டர் பிக் டிம் சல்லிவன். சூதாட்ட விடுதிப் பணத்தில் வளர்ந்தவர் என்று ஊரே பேசும் ஆள். என் அக்காவும் சின்ன வயசில் வேலைக்குப் போனவள்தான் என்றாராம். அவரும் உறவினர் கிறிஸ்டி சல்லிவனும் நியூயார்க் படகு ஏறப் போய்விட்டார்கள். பெர்கின்ஸ் படகுத்துறைக்கு போன் போட்டு, இருவரும் சட்டசபை இருந்த செங்குத்து மேட்டில் மூச்சிரைக்க ஓடிவந்து ஓட்டுப் போட்டார்கள். சட்டம் நிறைவேறியது.

அன்று அதே ஆல்பனியில் செனட்டராக இருந்த இன்னோர் ஆள் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். பிற்பாடு ஏழைகளின் தோழன் என்று பெயர் வாங்கியவர். இந்த மசோதாவுக்கு அவர் ஒரு துரும்பையும் கிள்ளிப்போடவில்லை என்ற வருத்தம் பெர்கின்ஸுக்கு வெகுநாள் இருந்தது. சூதாட்டக்காரர் ஓடிவந்தார், ஹார்வர்டு கனவான் வரவில்லை. டாமனியை நான் ஏன் இழுக்கிறேன் என்று இப்போது புரிகிறதா?

நுகர்வோர் சங்கத்தை நடத்திய கெல்லி திட்டுவார் என்று பயந்து போன பெர்கின்ஸை அவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மணல்மேடு எழுதியது:

கெல்லி கட்டிப்பிடித்தது இருக்கட்டும். கேனரியில் வேலை செய்துகொண்டிருந்த பெண்ணிடம் யாராவது கேட்டார்களா? சீசனில் வாரத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்த பெண்களை உங்கள் ஆணையமே கண்டுபிடித்துப் பதிவு செய்திருக்கிறது.

பனங்கிழங்கு எழுதியது:

நல்லாக் கதைக்கிறியள், ஆனா எல்லாரும் நியூயோர்க்குக்குள்ளயே நிண்டுகொண்டிருக்கிறியள். மணல்மேடு அண்ணை கேட்ட கேள்வியை நான் இருபது வருசம் முன்னுக்குக் கொண்டுபோறன்.

அந்த பெர்கின்ஸ்தான் 1933ல ரூஸ்வெல்ற்றின்ர தொழிலாளர் அமைச்சர், அமெரிக்க அமைச்சரவைக்கு வந்த முதல் பெண். ஓட்டைக்குள்ளால தவழ்ந்த வாக்னர் எழுதினதுதான் சங்கம் வைக்கிற உரிமையைத் தந்த 1935 சட்டம். அதே வருசம் ஓகஸ்ற் 14 சமூகப் பாதுகாப்புச் சட்டம். 1938ல குறைந்தபட்சக் கூலி, மணித்தியாலத்துக்கு 25 சதம். எல்லாம் பெரிய விசயம், நான் குறைச்சுச் சொல்லேல்லை.

ஆனா மூண்டிலயும் ரெண்டு கூட்டத்தை வெளியில விட்டவை. தோட்டம் வயல்ல வேலை செய்யிறவை, வீட்டு வேலை செய்யிறவை. தெற்கு மாநிலங்கள்ல அது ஆர்? கறுப்பினத்தவர். நாடு முழுக்கக் கறுப்பினத் தொழிலாளர்ல பாதிக்கும் மேல இந்த ரெண்டு வேலைதான். கறுப்பினத்தவற்ற உரிமைச் சங்கத்தின்ர வழக்கறிஞர் சார்ல்ஸ் ஹூஸ்ரன் அப்பவே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில போய்ச் சொன்னவர், இந்தச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒரு அரிதட்டு, பெரும்பான்மைக் கறுப்பினத்தவர் விழுந்து போற அளவுக்குப் பார்த்து ஓட்டை போட்டிருக்கிறியள் எண்டு.

1912ல கேனரி, 1935ல பருத்தி வயல். ஆல்பனியில படிச்ச பாடத்தைத்தான் வாஷிங்ரனில திருப்பி ஒப்புவிச்சிருக்கினம். சரியோ பிழையோ நீங்களே சொல்லுங்கோ.

எடிசன்வாசி எழுதியது:

இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். முற்போக்கு என்ற பெயரில் அந்தக் காலத்தில் வந்த சரக்கு முழுவதையும் பார்க்க வேண்டும். 1913இல் உட்ரோ வில்சன் ஆட்சி மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்காரவைத்தது. இண்டியானா மாநிலம் 1907லேயே கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டது. அதை ஆதரித்தவர்கள் அறிவியல், சீர்திருத்தம் என்று பேசிய படித்தவர்கள். 1927இல் உச்ச நீதிமன்றம் அதே மாதிரி வர்ஜீனியா சட்டத்துக்கு 8க்கு 1 என்று ஆசி கொடுத்தது. எதிர்த்த அந்த ஒருவர் பழமைவாதி. ஆதரித்தவர்களில் நம்ம பிராண்டைஸும் உண்டு, சட்டப்புள்ளி சார்.

சட்டப்புள்ளி எழுதியது:

உண்டு. அதனால்தான் நான் யாருக்கும் மாலை போடவில்லை.

நூலகப்பூனை எழுதியது:

பனங்கிழங்கு, உங்கள் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லப் பார்க்கிறேன். சமூகப் பாதுகாப்பு விஷயத்தில் கதை கொஞ்சம் சிக்கல். பெர்கின்ஸ் தலைமையில் இருந்த குழு தயாரித்த மசோதாவில் வயல் தொழிலாளர், வீட்டு வேலைக்காரர் இருவருமே முதியோர் காப்பீட்டில் இருந்தார்கள். 1935 பிப்ரவரியில் நிதியமைச்சர் மார்கந்தாவ்தான் காங்கிரஸில் வந்து, லட்சக்கணக்கான வீடுகளிலும் பண்ணைகளிலும் போய்ச் சம்பள வரி பிடிப்பது முடியாத காரியம், இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்றார். மார்கந்தாவ் தெற்கத்தியர் அல்ல, நியூயார்க்காரர். தெற்கத்திய எம்பிக்களின் சதி என்று ஒரே வரியில் எழுதுவது அதனால் எனக்கு ஒப்பவில்லை. வீட்டு வேலையில் நிரந்தரமாக இருந்தவர்களை 1950இல் சேர்த்தார்கள்.

பனங்கிழங்கு எழுதியது:

வரி பிடிக்கிறது கஷ்டம், சரி. வாக்னரின்ர சட்டத்தில என்ன வரி? சங்கம் வைக்கிற உரிமைக்கு ஆர் வீடு வீடாப் போய்க் காசு சேர்க்க வேணும்? அதிலயும் ஏன் இந்த ரெண்டு கூட்டத்தையும் விட்டவை? தெற்குப் பண்ணையாளரின்ர ஓட்டு காங்கிரசில வேணும், அதுக்குத்தான். இண்டுவரைக்கும் அந்த மத்திய சட்டத்தில அவை இல்லை.

அதாலதான் 1965 செப்ரெம்பரில கலிபோர்னியா டெலானோவில லாரி இற்லியோங் தலைமையில பிலிப்பினோ ஆக்கள் திராட்சைத் தோட்டத்தை விட்டு வெளியில வர வேண்டி வந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு சேசர் சாவேஸ், டொலரஸ் ஹுவேர்த்தாவின்ர சங்கத்து மெக்சிக்கர்களும் சேர்ந்தவை. அவைக்குச் சட்டப் பாதுகாப்பு ஒண்டும் இல்லை. எண்டபடியால் கடையில திராட்சை வாங்காதேங்கோ எண்டு நாடு முழுக்க ஆக்களைக் கேட்டு, 1970ல ஒப்பந்தம் வாங்கினவை. 1975ல கலிபோர்னியா தன்ர சட்டத்தைப் போட்டுது.

உங்கட நியூயோர்க்? வயல் தொழிலாளருக்குச் சங்க உரிமைச் சட்டமும் ஓவர்ரைமும் வந்தது 2019ல போட்ட சட்டத்தால. 2020ல தொடங்கேக்க கிழமைக்கு 60 மணித்தியாலத்துக்கு மேல செய்தாத்தான் ஓவர்ரைம். 2024ல 56, 2026ல 52, படிப்படியா 2032ல 40. பிக் டிம் மேட்டில ஓடி ஓட்டுப் போட்டு 108 வருசத்துக்குப் பிறகு 60இல தொடங்குகினம்.

மணல்மேடு எழுதியது:

இதற்கு மேல் பூனை தோழரிடம் நான் கேட்க ஒன்றுமில்லை.

நூலகப்பூனை எழுதியது:

எனக்குச் சொல்ல இருக்கிறது. அன்று பெர்கின்ஸ் முடியாது என்று சொல்லியிருந்தால் கேனரிப் பெண்ணுக்கும் கிடைத்திருக்காது, தையல் பெண்ணுக்கும் கிடைத்திருக்காது. அடுத்த ஆண்டே கேனரிக்கும் ஒரு வரம்பு வந்தது. தளர்வான வரம்புதான், ஆனால் வந்தது. 1935இல் அப்படி அடுத்த ஆண்டு யாரும் திரும்பி வரவில்லை. குற்றம் சொல்வதென்றால் அங்கே சொல்லுங்கள், ஏற்கிறேன். 1912ஐ விடுங்கள்.

சட்டப்புள்ளி எழுதியது:

ஒரு திருத்தம் பனங்கிழங்கு தம்பி. 1912 சட்டத்தில் 54 என்பது உச்ச வரம்பு, அதற்கு மேல் வேலை வாங்கினாலே குற்றம். 2019 சட்டத்தில் 60 என்பது அதற்கு மேல் கூடுதல் கூலி தர வேண்டும் என்ற எல்லை. 80 மணி நேரம்கூட வாங்கலாம், காசு கொடுத்தால். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. நீங்கள் பேசுகிற வயல் தொழிலாளருக்கு இது இன்னும் மோசமான செய்தி.

பவர்டேபிள் எழுதியது:

சார், அந்த 52க்கு மேல போனா எவ்வளவு? எங்களுக்குச் சட்டப்படி டபுள்.

சட்டப்புள்ளி எழுதியது:

ஒன்றரை மடங்கு மேடம்.